நோயாளியோடு இருப்பவரையும் நலம் விசாரிப்போம்

மறுமை நாளில் அல்லாஹ் தன் அடியானிடம் கேட்கும் மூன்று கேள்விகளைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் அந்த ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. தான் நோயுற்றிருந்தபோது ஏன் பார்க்க வரவில்லை என்பது முதல் கேள்வி. உணவு கேட்டபோது ஏன் கொடுக்கவில்லை என்பது இரண்டாவது. தண்ணீர் கேட்டபோது ஏன் கொடுக்கவில்லை என்பது மூன்றாவது. அகிலத்தின் இரட்சகனாகிய உன்னை நான் எப்படி நலம் விசாரிப்பேன், உனக்கு எப்படி உணவளிப்பேன் என்று அடியான் திகைப்பான். என் அடியான் ஒருவன் நோயுற்றிருந்தான், ஒருவன் பசித்திருந்தான், ஒருவன் தாகித்திருந்தான் என்று அல்லாஹ் விளக்குவான்.

இந்த ஹதீஸை நாம் பயான்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். அதில் ஆலிம்கள் சுட்டிக்காட்டும் நுட்பம் ஒன்று உண்டு. பசித்தவனுக்கு உணவளித்திருந்தால் அதற்கான கூலியை என்னிடம் பெற்றிருப்பாய் என்று சொல்லும் அல்லாஹ், நோயாளி விஷயத்தில் மட்டும், அவனை நீ பார்க்கச் சென்றிருந்தால் அவனிடத்தில் என்னையே கண்டிருப்பாய் என்கிறான். நோயாளியின் படுக்கை அவ்வளவு கண்ணியமான இடம்.

நோய், பசி, தாகம் ஆகிய இந்த மூன்றையும் ஒரே கூரையின் கீழ் பார்க்க வேண்டுமானால் ஓர் அரசு மருத்துவமனைக்குச் சென்றால் போதும். நோய் கட்டிலில் இருக்கிறது. பசியும் தாகமும் பெரும்பாலும் அந்தக் கட்டிலுக்கு அருகில் தரையில் உட்கார்ந்திருக்கின்றன. நோயாளிக்கு மருத்துவமனை உணவு வந்துவிடும். அவரோடு துணைக்கு வந்த தாய், மனைவி, மகன் சாப்பிட்டார்களா என்று கேட்க ஆளில்லை. நலம் விசாரிக்கப் போகும் நாமும் பல நேரங்களில் கட்டிலில் இருப்பவரைப் பார்த்து துஆ செய்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். உடனிருப்பவரையும் சேர்த்து விசாரிப்பதுதான் முழுமையான நலம் விசாரிப்பு. அதற்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும், ஒரு ஜமாஅத்தாக என்ன செய்ய முடியும் என்பதைப் பார்ப்போம்.

நம் மாவட்டத்தின் தூரம்

1974ல் உருவான புதுக்கோட்டை மாவட்டம் பரப்பில் பெரியது. ஒரு பக்கம் அன்னவாசல், இலுப்பூர்; மறுபக்கம் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் என்று கடற்கரை. 2017ல் நகருக்கு வெளியே முள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டது. அதற்கு முன் பெரிய சிகிச்சை என்றாலே தஞ்சாவூர், திருச்சி, மதுரை என்று ஓட வேண்டியிருந்தது. இப்போது பல சிகிச்சைகள் மாவட்டத்துக்குள்ளேயே கிடைக்கின்றன, அல்ஹம்துலில்லாஹ்.

ஆனாலும் தூரம் தூரம்தான். கோட்டைப்பட்டினத்திலிருந்து புதுக்கோட்டைக்குச் சாலை வழியே சுமார் 70 கிலோமீட்டர். கடற்கரை ஊரில் இருக்கும் ஒரு குடும்பம் வீட்டில் சமைத்து மூன்று வேளையும் வார்டுக்குக் கொண்டுவர முடியாது. உடனிருப்பவர் மாற்றுடை எடுக்க ஒரு நடை ஊருக்குப் போய் வந்தால் பாதி நாள் போய்விடும். தஞ்சாவூருக்கோ மதுரைக்கோ மேல்சிகிச்சைக்கு அனுப்பினால் தெரிந்த முகமே இருக்காது. நம் குடும்பங்களில் ஆண்கள் பலர் வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூர், மலேசியாவிலும் இருக்கிறார்கள். அதனால் ஸ்கேன் எடுக்குமிடம் எங்கே, மருந்துச் சீட்டை எங்கே காட்டுவது, யாரிடம் கையெழுத்து வாங்குவது என்று அலைவது பெரும்பாலும் ஒரு பெண்ணாகவே இருக்கிறார். கையில் குழந்தையும் இருக்கும்.

உடனிருப்பவரின் அந்தஸ்து

பத்ருப் போருக்கு முஸ்லிம்கள் புறப்பட்டபோது உஸ்மான் (ரலி) அவர்களின் மனைவியும் நபியவர்களின் மகளுமான ருகைய்யா (ரலி) அவர்கள் கடுமையாக நோயுற்றிருந்தார்கள். மனைவியைக் கவனித்துக்கொள்ள மதீனாவிலேயே தங்குமாறு உஸ்மான் (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய நற்கூலியும் போர்ப்பொருளில் பங்கும் அவருக்கு உண்டு என்றும் அறிவித்தார்கள். இது ஸஹீஹுல் புகாரியில் உள்ள செய்தி.

இஸ்லாமிய வரலாற்றில் பத்ருப் படையினரின் சிறப்பு என்னவென்று நமக்குத் தெரியும். நோயாளியின் கட்டிலருகே இருந்தவரை நபியவர்கள் அந்த வரிசையில் சேர்த்தார்கள். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கும் உங்கள் ராத்தாவை, பெற்றவருக்கு வெந்நீர் வாங்க பிளாஸ்க்கோடு நிற்கும் பிள்ளையை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும்.

அகழ்ப் போரில் காயமடைந்த ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்காக நபியவர்கள் மஸ்ஜிதுந் நபவியிலேயே ஒரு கூடாரம் அமைத்தார்கள். அருகிலிருந்து அடிக்கடி நலம் விசாரிக்க வசதியாக இருக்க வேண்டும் என்பதே காரணம் என்று புகாரியின் அறிவிப்பு சொல்கிறது. காயமுற்றவர்களுக்கு அங்கே ருஃபைதா (ரலி) என்ற பெண்மணி சிகிச்சை அளித்ததை வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. சிகிச்சை எவ்வளவு முக்கியமோ, நோயாளி தன் மக்களின் பார்வைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதும் அவ்வளவு முக்கியம் என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

வஃக்பு காட்டிய வழி

இந்த வழிகாட்டல் பிற்காலத்தில் பெரிய நிறுவனங்களாக வளர்ந்தது. டமாஸ்கஸ் நகரில் சுல்தான் நூருத்தீன் ஸன்கீ 1154ல் ஒரு மருத்துவமனையை அமைத்தார். பீமாரிஸ்தான் என்பது அக்கால மருத்துவமனைகளுக்குப் பெயர். கலாவூன் என்ற தளபதி ஒருமுறை நோயுற்று அந்த மருத்துவமனையின் சிகிச்சையால் குணமடைந்தார். தனக்கு ஆட்சி கிடைத்தால் இதுபோல் ஒன்றைக் கட்டுவேன் என்று நேர்ச்சை செய்தார். சுல்தானான பிறகு 1284ல் கெய்ரோவில் அதைக் கட்டி முடித்தார்.

அந்த மருத்துவமனைக்கான வஃக்பு ஆவணம் வியப்பளிப்பது. மருத்துவர்களின் ஊதியமும் மருந்துச் செலவும் மட்டும் அதில் இடம்பெறவில்லை. வெயில் காலத்தில் நோயாளிகளுக்கு விசிற ஓலை விசிறிகள், ஒவ்வொருவரின் உணவுக்கும் மூடியுள்ள தனிக் கிண்ணம், இறந்தவரைக் குளிப்பாட்டிக் கஃபனிட்டு அடக்கும் செலவு வரை எழுதப்பட்டிருந்தது. ஆண், பெண், ஏழை, செல்வர், உள்ளூர்வாசி, வெளியூர்வாசி என்ற வேறுபாடு பார்க்கப்படவில்லை. குணமாகி வீடு திரும்பும் ஏழை மறுநாளே கூலி வேலைக்கு ஓடிவிடாமல் ஓய்வெடுக்க, கையில் பணம் கொடுத்து அனுப்பியதாகவும் வரலாற்றில் காண்கிறோம்.

விசிறியும் மூடிய கிண்ணமும் மருந்தல்ல. ஆனால் தானே நோயாளியாகப் படுத்திருந்த ஒருவருக்கு அவற்றின் தேவை தெரிந்திருந்தது.

நம் மண்ணிலும் இதற்கு உதாரணம் உண்டு. 1886ல் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்கு இழந்தார். அந்த வேதனைதான் 1954ல் சென்னை அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையாக வடிவம் பெற்றது. ஒரு வீட்டின் துயரம் எல்லா வீட்டுக்கும் பயன்படும் ஏற்பாடாக மாறியது. நம் மஹல்லாக்களில் மருத்துவமனை அனுபவம் இல்லாத வீடே இல்லை. அந்த அனுபவங்களையும் ஓர் ஏற்பாடாக மாற்ற முடியும்.

தெரியாததால் இழப்பவை

மருத்துவமனையில் நம் மக்கள் படும் சிரமங்களில் ஒரு பகுதி பணமில்லாததால் வருவதில்லை. இருக்கும் வசதி தெரியாததால் வருகிறது. ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டியவை இவை:

108: அவசர ஊர்தி. தமிழகத்தில் 2008 முதல் இயங்குகிறது. முற்றிலும் இலவசம். அழைக்கும்போது பதற்றப்படாமல் ஊர், தெரு, அருகிலுள்ள பள்ளிவாசல் அல்லது பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னால் வண்டி விரைவாக வந்து சேரும்.

102: அரசு மருத்துவமனையில் பிரசவித்த தாயையும் குழந்தையையும் வீட்டில் கொண்டுவந்து விடும் வாகனம். இதுவும் இலவசம்.

104: உடல்நல ஆலோசனைக்கும் அரசு மருத்துவமனைகளைப் பற்றிய புகார்களுக்கும்.

14416: மனநல ஆலோசனைக்கு. நீண்ட காலம் நோயாளியைக் கவனித்து மனம் சோர்ந்து போனவர்களும் இதில் பேசலாம். அது ஈமானின் குறையல்ல, மனிதனின் இயல்பு.

155377: அரசு மருத்துவமனையில் இறந்தவரின் உடலை ஊருக்குக் கொண்டுசெல்லும் இலவச அமரர் ஊர்தி. 108 வண்டியில் மய்யித்தை ஏற்ற மாட்டார்கள் என்பது தெரியாமல் அந்த நேரத்தில் பலர் தடுமாறுகிறார்கள்.

அடுத்து, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, திட்டத்தின் பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு இது பொருந்தும். அரசு மருத்துவமனைகளிலும் திட்டத்தில் இணைந்த தனியார் மருத்துவமனைகளிலும் பயன்படுத்தலாம். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் பதிவு செய்ய வேண்டும். விவரம் கேட்க 1800 425 3993 என்ற இலவச எண் உள்ளது. நோய் வந்த பிறகு வருமானச் சான்றுக்கு அலைவது பெரும் கொடுமை. ஒருவர் கட்டிலில் கிடக்க, இன்னொருவர் அலுவலக வாசலில் நிற்க வேண்டியதாகிவிடும். உடல்நலத்தோடு இருக்கும்போதே பதிந்து வைப்பதுதான் புத்திசாலித்தனம். இந்த அட்டை இல்லாததால் நகையை அடகு வைத்தும், வட்டிக்கு வாங்கியும் சிகிச்சை பார்த்த குடும்பங்கள் உண்டு. வட்டியின் பாவத்திலிருந்து ஒரு குடும்பத்தைக் காக்கும் காரியம் சில நேரங்களில் ஒரு விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக் கொடுப்பதாகவே இருக்கிறது.

சாலை விபத்தில் காயமடைந்தவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு செலவில் அளிக்கும் ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. இதற்குக் காப்பீட்டு அட்டை தேவையில்லை. வெளி மாநிலத்தவருக்கும் பொருந்தும். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி வாழும் நம் ஊர்களுக்கு இது மிக அவசியமான செய்தி. அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்த்தவரைப் பெயர், முகவரி கொடுக்கும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2019ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. போலீஸ், கேஸ் என்று பயந்து ஒதுங்கிப் போக வேண்டியதில்லை.

கர்ப்பிணிகள் 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி பெறவும், பிறகு குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்தப் பதிவு எண் தேவைப்படும். இந்த உதவி ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாய். முதல் இரண்டு பிரசவங்களுக்கு உண்டு. அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவத்துக்கு 3 நாட்களும், அறுவை சிகிச்சைப் பிரசவத்துக்கு 7 நாட்களும் தாய்க்கு உணவு இலவசம். பிரசவ நேரத்தில் துணைக்கு ஒரு பெண் உடனிருக்க அனுமதிக்கும் நடைமுறையும் அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது. தாயோ மாமியாரோ, அனுபவமுள்ள பெண் ஒருவர் கூட இருக்க விரும்பினால் முன்கூட்டியே செவிலியரிடம் கேளுங்கள்.

பார்க்கப் போகிறவர்களுக்கு

நலம் விசாரிப்பது சுன்னத். அது நோயாளிக்குச் சுமையாகிவிடக் கூடாது. ஒருவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் வேன் பிடித்து ஊரே திரண்டு போவது நம்மிடையே அன்பின் அடையாளம். ஆனால் பார்வையாளர் நேரம் முடிந்த பிறகும் வாசலில் காவலரோடு வாக்குவாதம் செய்வது, வார்டில் சத்தமாகப் பேசுவது, ஒவ்வொருவரும் நோயின் கதையை முதலிலிருந்து கேட்பது இவையெல்லாம் அன்பல்ல. அதே கதையைப் பத்துப் பேருக்குச் சொல்லிச் சொல்லி நோயாளியின் மனைவி களைத்துப் போகிறாள். பக்கத்துக் கட்டிலில் வலியோடு இருப்பவருக்கும் உரிமை இருக்கிறது.

சளி, காய்ச்சல் உள்ளவர்கள் போகாமல் இருப்பதே நல்லது. நோயுற்ற ஒட்டகங்களை ஆரோக்கியமானவற்றோடு கொண்டுவந்து கலக்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. பிறந்த குழந்தையைப் பார்க்கும் ஆசையில் ஆளாளுக்குத் தூக்கி முத்தமிடுவதையும் தவிர்க்க வேண்டும். அறுவை சிகிச்சை முடிந்தவர்களைப் பார்க்கச் சிறு பிள்ளைகளை அழைத்துச் செல்ல வேண்டாம்.

ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றபோது நபியவர்கள் சென்று, நெற்றியில் கை வைத்து, முகத்தையும் வயிற்றையும் தடவி, அவருக்காக துஆ செய்தார்கள். அந்தக் கையின் குளிர்ச்சியை ஸஅத் (ரலி) அவர்கள் பிற்காலத்திலும் உணர்ந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். நலம் விசாரிப்புக்கு அவ்வளவு போதும். கனிவான ஒரு தொடுதல், ஒரு துஆ, இந்த நோய் பாவங்களைத் தூய்மையாக்கும் என்ற ஆறுதல் வார்த்தை. இதே வியாதியில் இறந்துபோன இன்னொருவரின் கதையை அங்கே எடுக்கவே கூடாது.

பிறகு உடனிருப்பவரைத் தனியே அழைத்து நான்கு கேள்விகள் கேளுங்கள். சாப்பிட்டீர்களா? இரவு எங்கே படுக்கிறீர்கள்? வீட்டில் பிள்ளைகளை யார் பார்க்கிறார்கள்? மருந்து, ஸ்கேன் என்று எதற்காவது அலைய வேண்டியிருக்கிறதா? ஒரு மணி நேரம் நீங்கள் கட்டிலருகே இருந்தால் அவர் குளித்து, தொழுது, கொஞ்சம் கண்ணயர முடியும். ஆப்பிளும் ஆரஞ்சும் கட்டிலருகே குவிந்து கிடக்கும். ஒரு பொட்டலம் சோறும் ஒரு பாட்டில் தண்ணீரும்தான் இருக்காது. உறை போட்டுப் பணம் கொடுக்க நினைப்பவர்கள் நோயாளியின் தலையணைக்கு அடியில் வைப்பதைவிட, செலவு செய்யும் கையில் கொடுப்பது நல்லது.

மருத்துவமனையில் வணக்கம்

நோய் வந்தால் தொழுகை தானாக நின்றுவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். நின்று தொழ முடியாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறு இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். தண்ணீர் தீங்கு தரும் என்றால் தயம்மும் உண்டு. கட்டுப் போட்டவர், சிறுநீர்ப் பை பொருத்தப்பட்டவர் ஆகியோருக்கும் மார்க்கத்தில் சலுகைகள் உண்டு. உங்கள் மத்ஹபின்படி எப்படிச் செய்வது என்று மஹல்லா இமாமிடம் போனில் கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம். இமாம்களும் வாரம் ஒருமுறை வார்டுகளுக்குச் சென்று இதைச் சொல்லிக்கொடுப்பது ஜும்ஆ பயானுக்குக் குறைந்த தஃவா அல்ல.

உடனிருப்பவர்கள் ஸ்ட்ரெச்சர் போகும் வழியிலோ படிக்கட்டிலோ முஸல்லா விரிக்கக் கூடாது. பிறருக்கு இடையூறில்லாத மூலையைத் தேர்ந்தெடுங்கள். சர்க்கரை நோய்க்கு ஊசி போடுபவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் ரமளான் நோன்பை நோற்று மயங்கி விழுவது தக்வா அல்ல. நோயாளிக்கு நோன்பில் சலுகை கொடுத்தவன் அல்லாஹ். அந்தச் சலுகையை ஏற்பதும் அடிமைத்தனமே.

இரத்தம்

அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரவு குடும்பங்கள் அதிகம் பதறுவது இரத்தத்துக்காகத்தான். 18 வயது நிறைந்து, 45 கிலோவுக்குக் குறையாத எடையுள்ள ஆரோக்கியமானவர்கள் இரத்தம் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும், பெண்கள் நான்கு மாதங்களுக்கு ஒருமுறையும் கொடுக்க முடியும். ஓர் உயிரை வாழவைத்தவர் மனிதர் அனைவரையும் வாழவைத்தவர் போலாவார் என்ற கருத்தை அல்மாயிதா அத்தியாயத்தின் 32ஆம் வசனத்தில் காண்கிறோம். தவ்ஹீத் ஜமாஅத் போன்ற அமைப்புகள் இரத்ததான முகாம்களையும், தமுமுக போன்றவை ஆம்புலன்ஸ் சேவையையும் தமிழகம் முழுவதும் நடத்திவருகின்றன. அமைப்பு வேறுபாடுகள் நம்மிடையே இருக்கலாம். இரத்தத்துக்கு ஏ, பி, ஓ என்ற பிரிவுகள்தான் உண்டு. ஒவ்வொரு மஹல்லாவிலும் இளைஞர்களின் பெயர், இரத்தப் பிரிவு, கடைசியாகக் கொடுத்த தேதி ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால் நள்ளிரவில் வாட்ஸ்அப் குழுக்களில் கெஞ்ச வேண்டியிருக்காது.

மரணம் நேர்ந்தால்

இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். மருத்துவமனையில் மரணம் நேரும்போது குடும்பம் செய்வதறியாமல் நிற்கும். அப்போது நிதானமுள்ள ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும். இயற்கையான மரணம் என்றால் மருத்துவரின் சான்றைப் பெற்று ஜனாஸாவை எடுத்துவரலாம். விபத்து, தற்கொலை, சந்தேக மரணம் என்றால் சட்டப்படி போலீஸ் விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் நடந்தே தீரும். வேண்டாம் என்று தகராறு செய்தால் தாமதம்தான் கூடும். தேவையான வசதியுள்ள மருத்துவமனைகளில் சூரிய அஸ்தமனத்துக்குப் பிறகும் பிரேதப் பரிசோதனை செய்யலாம் என்று 2021 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் அனுமதித்தது. கொலை, தற்கொலை, சந்தேக மரணம் போன்றவை பொதுவாக இதில் அடங்காது. சாலை விபத்து போன்றவற்றில் இதைப் பணிவோடு எடுத்துச்சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். இத்தா இருக்கும் விதவை பின்னர் சான்றிதழுக்காக அலையாமல் இருக்க, ஜமாஅத்தே இதைக் கவனித்துக் கொடுப்பது பெரிய உபகாரம்.

ஜமாஅத் என்ன செய்யலாம்?

பெரிய கட்டடம் வேண்டாம். பெரிய விளம்பரமும் வேண்டாம். தொடர்ச்சி வேண்டும். அமல்களில் அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது, குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படுவதே என்பது நபிமொழியின் கருத்து.

முதலாவது, மஹல்லாவுக்கு இரண்டு பேர்: ஓர் ஆண், ஒரு பெண். மருத்துவமனையில் எந்தப் பிரிவு எங்கே இருக்கிறது, காப்பீட்டு உதவியாளர் எங்கே அமர்கிறார், எந்தத் தாள் எதற்குத் தேவை என்பதை அவர்கள் நேரில் போய்த் தெரிந்துகொள்ள வேண்டும். ஊரிலிருந்து யார் போனாலும் முதலில் இவர்களை அழைப்பார்கள். படித்துவிட்டு வீட்டிலிருக்கும் நம் பெண் பட்டதாரிகள் இதற்கு மிகவும் பொருத்தமானவர்கள்.

இரண்டாவது, பள்ளிவாசலில் தயாராக ஒரு பை. அதில் பாய், போர்வை, பிளாஸ்க், தட்டு, டம்ளர், சோப்பு, போன் சார்ஜர், முஸல்லா, முக்கிய எண்கள் எழுதிய அட்டை. நள்ளிரவில் ஆம்புலன்ஸில் ஏறும் குடும்பம் இதில் ஒன்றையும் எடுக்க நினைவில்லாமல்தான் ஏறும். திரும்பியதும் துவைத்துக் கொடுத்துவிட வேண்டும்.

மூன்றாவது, புதுக்கோட்டை, அறந்தாங்கி போன்ற ஊர்களில் மருத்துவமனைக்குப் பக்கத்தில் உள்ள பள்ளிவாசல்கள். உடனிருப்பவர்கள் குளிக்கவும், துணி அலசவும், ஓரிரு மணி நேரம் படுக்கவும் அங்கே அனுமதிக்கலாம். பெண்களுக்குத் தனி இடம் ஒதுக்க முடிந்தால் அது மிகப் பெரிய உதவி. வாசலில் சுத்தமான குடிநீர்க் குழாய் ஒன்று வைத்தால் அது ஸதகத்துன் ஜாரியா. உணவு வழங்க விரும்பினால் மருத்துவமனை நிர்வாகத்திடம் அனுமதி பெற்று, அவர்கள் சொல்லும் இடத்தில், சொல்லும் நேரத்தில் வழங்க வேண்டும். நோயாளிக்குப் பத்திய உணவு இருக்கும். நாம் கொடுப்பது உடனிருப்பவர்களுக்காக இருக்கட்டும். விருந்து வீட்டில் மிஞ்சிய பிரியாணியைவிடச் சூடான இட்லியோ சாம்பார் சாதமோ அவர்களுக்கு உகந்தது.

நிதியைப் பொறுத்தவரை ஒரு சட்டத்தைக் கவனிக்க வேண்டும். ஸகாத் பணத்தைக் குர்ஆன் குறிப்பிடும் எட்டு வகையினருக்கே கொடுக்க வேண்டும். உரியவரின் கையில் அதைச் சேர்ப்பிக்கவும் வேண்டும். சிகிச்சையால் கடனாளியான முஸ்லிம் குடும்பத்துக்கு ஸகாத்திலிருந்து தாராளமாகக் கொடுக்கலாம். குடிநீர்க் குழாய், பை, பொதுவான உணவு போன்றவற்றுக்கு ஸதகா, நன்கொடை, வஃக்பு வருமானம் ஆகியவற்றைப் பயன்படுத்த வேண்டும். இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு எழுதினால் குழப்பம் வராது.

அந்தச் சோற்றுப் பொட்டலத்தை நீட்டும்போது பெயரைக் கேட்காதீர்கள். நபியவர்களுக்குப் பணிவிடை செய்த யூதச் சிறுவன் நோயுற்றபோது அவர்களே அவன் வீட்டுக்குச் சென்று தலைமாட்டில் அமர்ந்தார்கள். வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருக்கும் மாற்றுமதச் சகோதரரின் தாய், நம் தாய்க்கு இரவில் தண்ணீர் எடுத்துக் கொடுத்திருப்பார். உதவி வாங்குபவரைப் படமெடுத்துப் பகிர்வதையும் தயவுசெய்து தவிர்ப்போம். தாழ்வாரத்தில் தட்டேந்தி நிற்கும் நிலையில் தன் முகம் ஊருக்குத் தெரிய வேண்டும் என்று எவரும் விரும்ப மாட்டார்.

வரும் ஜும்ஆவுக்குப் பிறகு நிர்வாகிகள் பத்து நிமிடம் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்: இன்று நம் மஹல்லாவிலிருந்து எத்தனை பேர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள், அவர்களோடு யார் இருக்கிறார்கள்? பதில் தெரியவில்லை என்றால் வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

யா அல்லாஹ்! எங்கள் நோயாளிகளுக்குப் பரிபூரண ஷிஃபாவைத் தருவாயாக! அவர்களுக்குப் பணிவிடை செய்பவர்களுக்குப் பொறுமையையும் உடல் வலிமையையும் தருவாயாக! சிகிச்சை அளிக்கும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் நல்லருள் புரிவாயாக! நீ இருக்கும் இடமென்று எங்களுக்கு அறிவித்துத் தந்த படுக்கையைத் தேடிச் செல்லும் பாக்கியத்தை எங்களுக்குத் தருவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.